ஏழாவது ஆள்

முதல் பாட்டில் சிறுநீரில் நனைத்த சோதனைப் பட்டையை எடுத்து ஷமீரா வெள்ளைத் தாளில் வைப்பதற்குள் அதன் நுனி மஞ்சளிலிருந்து பச்சையாகிவிட்டது.

இரண்டாவதும் பச்சை. மூன்றாவதும்.

ஏழாவது வரைக்கும் அதே பச்சைதான், ஒரே நாற்றங்காலில் பறித்துப் போட்ட மாதிரி.

சமுதாயக்கூடத்துச் சுவரோரம் ஏழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஆறு பேர் மெல்லத் திரும்பி வள்ளியம்மையைப் பார்த்தார்கள்.

வள்ளியம்மை யாரையும் பார்க்கவில்லை.

ஷமீரா கூத்தாநல்லூர்ப் பெண். வெளிநாட்டில் பொதுச் சுகாதாரம் படிக்கிறாள். பத்து வாரம் ஏதாவது ஓர் ஊரில் ஜனங்களோடு இருந்து வேலை பார்த்தால்தான் பட்டம் கொடுப்பார்களாம். கூடப் படிக்கிறவர்கள் ஆப்பிரிக்காவுக்கும் இன்னும் எங்கெங்கோவும் போக, இவள் நன்னிலம் பக்கம் நடவுக்காரிகளின் கிட்னியைப் பார்க்க வந்துவிட்டாள்.

எட்டு வாரம் ஓடியும் ஒன்றும் அகப்படவில்லை. இன்றைக்கு ஏழு பட்டையும் பச்சை.

அவசரமாகக் கைபேசியில் படம் எடுத்தாள். அவள் முகத்தில் இருந்தது கவலை என்று சொல்லிவிட முடியாது.

“ஏழு பேருக்குமேக்கா. எல்லாருக்கும் கிட்னி கெட்டுக்கிட்டு இருக்கு. தண்ணியிலதான் ஏதோ இருக்கணும்.”

தண்ணீரில் ஒன்றும் இல்லை.

முந்தின நாள் அவள் ஆளுக்கொரு பாட்டிலைக் கொடுத்து, விடிந்ததும் போகிற முதல் சிறுநீரைப் பிடித்து வரச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததுமே வரப்பில் நின்று பேசி முடித்துவிட்டார்கள்.

நடவுக்கு ஆள் ஏற்றுகிற நாகநாதன் சீக்காளிகளை வைத்துக்கொள்ள மாட்டான். எந்திரம் நட்டது போக மிச்சம் கிடக்கிற வயலுக்கு ஏழு பேர் போதும். வெளியே எழுபது பேர் காத்துக் கிடக்கிறார்கள். போன சம்பாவில் ஒருத்திக்குக் கிட்னி சரியில்லை என்று காதில் விழுந்ததும், குட்டியானை வண்டியை நடுரோட்டில் நிறுத்தி அவளை மட்டும் இறக்கிவிட்டுப் போனவன் அவன்.

ஆகவே நோய் நொடி இல்லாத ஒருத்தியுடையதையே ஏழு பாட்டிலிலும் பிடித்துவிடுவது என்று ஆயிற்று.

வள்ளியம்மையைக் கைகாட்டியது பிரகதீஸ்வரி. காய்ச்சல் என்று ஒரு நாள் பாயில் படுத்தவளா அவள் என்று கேட்டாள். ஆவணியில் வள்ளியம்மையின் மகள் சுடர்விழி பிரகதீஸ்வரி வீட்டுக்கு மருமகளாகப் போகிறாள். சம்பந்தியின் உடம்பைப் பற்றி அவளுக்கு அத்தனை பெருமை.

இப்போது முதலில் எழுந்ததும் அவள்தான்.

“பாப்பா, அது எங்களது இல்ல. ஏழும் இவளோடது. நாங்க இப்பவே போயி புடிச்சாறோம்.”

கூடத்தின் பின்பக்கம் போய்விட்டு வந்தார்கள். ஆறு பட்டைகளும் மஞ்சளாகவே கிடந்தன. ஒருத்தி கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். இன்னொருத்தி சிரித்துவிட்டு, வள்ளியம்மை இருப்பது ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஷமீரா எடுத்த படத்தை அழித்தாள். அங்கே அழுதுவிடுகிற மாதிரி இருந்தவள் அவள் ஒருத்திதான்.

“நீங்களும் இன்னொரு தடவை குடுங்கக்கா,” என்றாள்.

வள்ளியம்மை போனாள். வெகுநேரம் கழித்துக் காலிப் பாட்டிலோடு வந்து, வரவில்லை என்றாள்.

ஷமீரா வற்புறுத்தவில்லை. தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதினாள்.

“நாளைக்கே போங்கக்கா. விட்டா டயாலிசிஸ்ல கொண்டுபோயி நிறுத்திடும். முக்கியமா, வெயில்ல நின்னு வேலை பாக்கவே கூடாது.”

வாசலில் நாகநாதன் நின்றிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது. வள்ளியம்மை பக்கம் திரும்பாமல், எனக்கு ஏழு ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

“ஏழாவது ஆளுக்கு எங்க போறது, எம் மருமவ வீட்ல சும்மாதான இருக்கா,” என்று பிரகதீஸ்வரி அப்போதே போனைக் காதில் வைத்துவிட்டாள். “கவலப்படாத சம்பந்தி. உன் எடம் வேத்தாளுக்குப் போவாது.”

அதை நல்ல மனசோடுதான் சொன்னாள்.

ஐந்து நிமிடத்தில் சுடர்விழி ஓடி வந்தாள். அப்பாவின் முழுக்கைச் சட்டையை நைட்டிக்கு மேல் மாட்டியிருந்தாள். போன மாதம்தான் கல்லூரி முடித்தவள். சேற்றில் காலை வைக்கவிடாமல் வளர்த்த பெண். அம்மாவின் கையை ஒரு தடவை இறுக்கிப் பிடித்து, நீ போய்ப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

வள்ளியம்மை வாயைத் திறந்தாள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்ட பிரகதீஸ்வரி அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வள்ளியம்மை வாயை மூடிக்கொண்டாள்.

நாகநாதன் சுடர்விழியை மேலும் கீழும் பார்த்தான்.

“எளசு. இன்னும் பத்து வருசத்துக்குக் கவலையில்ல. ஏறு.”

வண்டி வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போயிற்று. இப்படி ஒரு மகள் இருக்கும்போது உங்களுக்கு என்னக்கா பயம் என்று ஷமீரா தோளைத் தொட்டுச் சொன்னாள்.

மார்கழியிலிருந்தே வள்ளியம்மைக்குக் கால் வீங்குகிறது. யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் அன்று விடியலில் தன் உடம்பை நம்பாமல், ஏழு பாட்டிலையும் மகளிடம் கொடுத்துப் பிடித்து வரச் சொன்னாள்.