மெல்லப் பேசு

மகள் இடுப்பு வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவோ கண்ணாடி முன் நின்று உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கிளம்பும்மா! நாம சர்ச்சுக்குப் போகல, ஆஸ்பத்திரிக்குப் போறோம்!" ஷரீஸ் பல்லைக் கடித்தாள்.

"ரெண்டே நிமிஷம்டி" என்றாள் வெர்லீன். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, முத்துமாலை, தொப்பி. போதாததற்கு, நர்ஸுகளுக்கென்று முதல் நாளே சுட்டுவைத்த வெண்ணெய் கேக் வேறு ஒரு டப்பாவில்.

இங்கே உயிர் போகிறது, இவளுக்கு அலங்காரம் கேட்கிறது! ஷரீஸின் கணவன் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஒக்லஹோமா பக்கம் போயிருந்தான். அம்மாவை விட்டால் துணைக்கு ஆளில்லை. வாயை மூடிக்கொண்டு காரில் ஏறினாள்.

மெம்ஃபிஸ் நகரத்தின் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததுமே அம்மாவின் பேச்சு மாறிவிட்டது. வீட்டில் நாலு தெரு கேட்கக் கறுப்பர் பேச்சில் பேசுகிறவள், குழைந்து இழைந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் வெள்ளைக்காரர் வீட்டு உச்சரிப்பு. மகள் வயதுகூட ஆகாத வெள்ளைக்கார நர்ஸுக்கு மூச்சுக்கு மூச்சு 'மேடம்'. பார்க்கவே ஷரீஸுக்குக் கூசியது.

திரை போட்டுப் பிரித்த இரண்டு கட்டில்களில் ஒன்றில் அவளைப் படுக்கவைத்தார்கள். பிரசவ வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தலைதான் பிளந்தது. கண் முன்னால் பொட்டுப் பொட்டாக வெளிச்சம்.

நர்ஸ் எட்டிப் பார்த்தபோது ஷரீஸால் பொறுக்க முடியவில்லை. "தலை வெடிக்குது, கண்ணு மங்குதுன்னு மூணு தடவை சொல்லிட்டேன். டாக்டரைக் கூப்பிடுங்க. காதுல விழுதா இல்லையா?"

நர்ஸின் முகம் இறுகியது. "இந்தப் பேச்செல்லாம் இங்க வேண்டாம். இன்னொரு தடவை மிரட்டினீங்கன்னா செக்யூரிட்டியைக் கூப்பிடுவேன்."

"யாருங்க மிரட்டினது?"

அதற்குள் திரைக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரப் பெண் ஆரம்பித்தாள். "எங்கடி போய்த் தொலைஞ்சீங்க எல்லாரும்? என்னைச் சாகடிக்கப் பாக்கறீங்களா?" பின்னாலேயே காது கூசும் கெட்ட வார்த்தைகள். தண்ணீர்க் குவளை ஒன்று பறந்து வந்து தரையில் உருண்டது.

நர்ஸ் ஓடினாள். "கத்துங்க கண்ணு, நல்லாக் கத்துங்க! வலி உங்களுக்குத்தானே தெரியும்!"

ஷரீஸுக்கு ரத்தம் கொதித்தது. "கேட்டியாம்மா? அவ குவளையைத் தூக்கி அடிச்சா அது வலி. நான் டாக்டர் வேணும்னா அது மிரட்டலா? நீயாவது போய்க் கேளும்மா!"

கேட்டாளா வெர்லீன்? மகளின் கையை அழுத்தி, "மெல்லப் பேசுடி" என்றாள். நர்ஸ் திரும்பி வந்ததும் எழுந்து நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க மேடம். வலியில வாய் தவறிப் பேசிட்டா. நல்ல பொண்ணுதான், பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கா. தயவுசெஞ்சு ஒரே ஒரு தடவை பிரஷர் பாத்துடுங்களேன். கேக் எடுத்துக்கிட்டீங்களா?"

நர்ஸ் கொஞ்சம் இளகினாள். பிரஷர் பார்த்தாள். பார்த்தவள், மறுபடியும் பார்த்தாள். டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

ஷரீஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அவ முன்னாடி என்னை விட்டுக்கொடுத்துட்டியேம்மா! நான் என்ன தப்பாக் கேட்டுட்டேன்?"

வெர்லீன் மகளின் போர்வையைச் சரிசெய்தாள்.

"உனக்கு இவங்ககிட்ட நல்ல பேர் வாங்கணும். பெத்த பொண்ணு எக்கேடு கெட்டா என்ன?" ஷரீஸுக்கு மூச்சு வாங்கியது. "யோலாண்டா அக்கா தலைப்பிரசவத்துல செத்தாளே, அப்பவும் நீ பக்கத்துல இல்ல. காபி குடிக்கக் கீழ போனேன்னு உன் வாயாலதானே சொன்ன? அவ அங்க துடிக்கிறா, உனக்குக் காபி!"

அக்கா போனபோது ஷரீஸ் சிகாகோவில் இருந்தாள். நாலு வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்ததை இன்று கொட்டிவிட்டாள்.

வெர்லீன் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குனிந்து மகளின் காதருகே வந்தாள்.

"காபியும் இல்ல, ஒண்ணும் இல்லடி. அவளும் இப்படித்தான் தலைவலின்னு சொல்லிச் சொல்லிப் பாத்தா. யாரும் வரல. 'எம் பொண்ணு சாகறா, யாராவது வாங்க'ன்னு கத்தினேன். மிரட்டறேன்னு சொல்லி ரெண்டு காவலாளிங்க என்னைத் தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போய்த் தெருவுல விட்டுட்டாங்க. 'அம்மா எங்க, அம்மா எங்க'ன்னு கேட்டுக்கிட்டே போயிட்டாளாம். நான் கத்தினதாலதான் அவ தனியாப் போனான்னு உன்கிட்ட சொல்ல நாக்கு வரலடி."

தாழ்வாரத்தில் டாக்டர் வரும் சத்தம் கேட்டது. வெர்லீன் அவசரமாகக் கண்ணைத் துடைத்து, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

"உன் பக்கத்துலயாவது என்னை நிக்க விடுடி."