நான்கு விரல் இடம்

மூன்றாவது முறையாக அவிழ்த்தார்.

மூங்கில் பத்தை விறைத்து நிமிர்ந்தது. மறுபடி வளைத்தார். முனைகளைச் சேர்த்துச் சணலால் இறுக்கினார். வட்டம் வந்துவிட்டது. வராமல் என்ன, இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

அதுதான் பிரச்சினை.

வட்டமாகக் கட்ட அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆஸ்பத்திரி வாசலில் கடை. ஆட்கள் வருவார்கள். செத்தவர் பெயரைச் சொல்வார்கள். சிலர் அழுவார்கள், சிலர் சும்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அரை மணியில் மலர்வளையம் தயார். இன்றுவரை அதில் ஒன்றைக்கூட அவர் வீட்டுப் படியேற்றியதில்லை.

இன்று மகள் கேட்கிறாள். வாசல் கதவுக்கு.

காலையில் சுகந்தி செல்போனில் ஒரு படம் காட்டினாள். ஏதோ வெளிநாட்டு வீடு. வெள்ளைக் கதவு. நடுவில் வட்டமாகப் பூ. அழகாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் யாரும் சாகவில்லை என்று அவள் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் நம்பினார்.

நாலு மணிக்கு வத்தலக்குண்டிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். இன்றைக்குப் போய் இதுவா? மாவிலைத் தோரணம் போதாதா?

“போன தடவ உள்ள வந்து, காபி குடிச்சிட்டு, பூவத் திருப்பி எடுத்துட்டுப் போனாங்கள்ல? போறவங்க இந்தத் தடவ இதப் பாத்துட்டு வாசலோட போகட்டும்ப்பா.”

அவர் மூங்கில் எடுக்க எழுந்தார்.

போன வைகாசியில் வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. அவள் தலையில் வைக்க வாழையிலையில் மல்லிகைச் சரம் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. அந்த நேரம் பார்த்து யாரோ கேட்டார்கள், பூக்கடை எந்தப் பக்கம் என்று.

சொன்னார்.

பிரிக்காத பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். மரியாதையாகத்தான் போனார்கள். அதுதான் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த முறை தரகரிடம் பூ வியாபாரம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

வைக்கோலைச் சுற்றினார். இலைகளைச் செருகினார். எழுந்து போய்த் தெருவைப் பார்த்தார். மணி இரண்டே முக்கால். வந்து உட்கார்ந்தார். சாவுக்குப் போகும் வெள்ளைச் சம்பங்கியைக் கொண்டுவரவில்லை. கோழிக்கொண்டையும் வேண்டாம். ரோஜா, மஞ்சள் செவ்வந்தி, நடுநடுவே மரிக்கொழுந்து. கல்யாணப் பூவாக இருக்கட்டும்.

பாதியில் நிறுத்தித் தூரப் பிடித்துப் பார்த்தார். யார் பெயரைக் கேட்கப்போகிறோம் என்று கை காத்திருப்பது போலிருந்தது.

மறுபடி எழுந்தார். தண்ணீர் குடித்தார். தெருவைப் பார்த்தார்.

மனைவி கேசரி கிளறிய கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். உள்ளே போனாள். திட்டியிருந்தாலாவது அதைச் சாக்காக வைத்து நிறுத்தியிருப்பார்.

மூன்றரைக்குக் கதவில் ஆணியடித்து மாட்டினார். நாலு எட்டுப் பின்னால் வந்து நிமிர்ந்து பார்த்தார்.

வட்டத்தின் அடியில் நான்கு விரல் அகலத்துக்குப் பூவே இல்லை. வெறும் இலை.

இறந்தவரின் பெயரை எழுதி ஒட்டுகிற இடம்.

மனம் ரோஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை தன் வேலையைப் பார்த்துவிட்டது.

கூடையைக் கவிழ்த்தார். நாலு இதழும் ஈரமும்தான் மிச்சம். ஓடிப்போய்க் கடையில் செவ்வந்தி எடுத்து வந்தால்? செருப்பில் கால் நுழைக்கும்போதே தெருமுனையில் கார் திரும்பியது. அரை மணி முன்னால் வருகிறார்கள்.

கழற்றிவிடலாம். ஆணியிலிருந்து தூக்கினால் ஒரு நொடி. கையை உயர்த்தினார்.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் சுகந்தி. புதுப் புடவை. பொட்டு வைத்த முகம். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை இறக்கிக்கொண்டார்.

காரிலிருந்து மாப்பிள்ளைப் பையன் இறங்கினான். அவனுடைய தாய்மாமா இறங்கினார். கடைசியாகப் பையனின் அம்மா. அவர் கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம்.

“வாங்க, வாங்க.”

தாய்மாமா கதவைப் பார்த்ததும் படியில் வைத்த காலை எடுத்துவிட்டார்.

அந்த அம்மா கதவருகே வந்து நின்றார். பூவைப் பார்த்தார். இரண்டு விரலால் அடியிலிருந்த வெற்று இலைகளைத் தொட்டார்.

“இங்கதான அண்ணே பேரு ஒட்டுவாங்க?”

பொய் ஒன்று தயாராக நாக்கு நுனியில் இருந்தது. கடையில் வாங்கினது, கட்டினவன் கவனிக்கலை. அவ்வளவு போதும்.

ஜன்னலைப் பார்த்தார்.

“ஆமாம்மா. ஆஸ்பத்திரி வாசல்ல நம்ம கடை. இதான் தொழிலு. கைப்பழக்கத்துல... இடம் விட்டுப்போச்சு.”

தாய்மாமா காரைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த அம்மா திரும்பவில்லை. வாசலில் நின்றபடியே பொட்டலத்தின் நாரை அவிழ்த்தார். மல்லிகை வாசம் வந்தது. சரத்தில் ஒரு சாண் அளந்து நகத்தால் கிள்ளினார். அதை அந்த நான்கு விரல் இடத்தில் வைத்து இலைகளுக்குள் செருகினார். ஒரு முனை நழுவியது. சுகந்தி அப்பாவின் கை தானாகப் போய் அதை முடிச்சிட்டது.

இப்போது இடைவெளி இல்லை.

அந்த அம்மா காலி வாழையிலையை அவரிடம் கொடுத்தார். மீதிப் பூவைக் கையில் பிடித்தபடி செருப்பைக் கழற்றினார்.