சிப்பில் ஒட்டியது

"பாய், உங்க இறால்ல ஆன்டிபயாடிக் மருந்து இருக்கு. லாரியைத் திருப்புங்க!" என்றார் ஏற்றுமதிக் கம்பெனி மேனேஜர்.

மஹ்மூதுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அல்லா மேல ஆணையாச் சொல்றேன், உப்பூர்ல என் பண்ணையில மருந்தே போட்டதில்ல. உங்க மிஷின் பொய் சொல்லுது!"

"மிஷினா பொய் சொல்லும்? அதுக்குள்ள அதிர்ற சிப்பு ஒண்ணு இருக்கு. மருந்து ஒட்டுனா சிப்போட கனம் கூடும், அதிர்வு கொறையும். அவ்வளவுதான்."

"அப்பப் புது சிப்பு போட்டுப் பாருங்க!"

கழுவிக் கழுவிப் பயன்படுத்திய சிப்பைக் கழற்றிவிட்டு, சோதனை செய்யும் பானுப்பிரியா புதியதை மாட்டினாள். மஹ்மூதின் இறாலில் துளி மருந்தில்லை.

"அப்பப் பழைய சிப்புல ஒட்டியிருந்தது எவன் போட்ட மருந்து?" என்று கத்தினார் மேனேஜர்.

"காலையில அதுல பாத்தது நம்ம முதலாளி பண்ணை இறால், சார்" என்றாள் பானுப்பிரியா. "மருந்து காட்டியும் பாஸ் போடச் சொன்னது நீங்க."

"அந்த லாரி இப்ப எங்கன போகுது?" என்றார் மஹ்மூது. "மொதல்ல அதைத் திருப்புங்க!"