நீறு பூசிய ஷாஃப்ட்

“கல்லிலை அமத்திப் பிடியும் தம்பி! விடிஞ்சால் உழவு,” என்று பறந்தார் நமசிவாயம்.

பட்டறைக்காரன் றொஷான் அசையவில்லை. தண்ணீரை ஊற்றி ஊற்றி, உழவு மெசினின் ஷாஃப்ட் தண்டைச் சாணைக்கல்லில் பூப்போலத் தேய்த்தான். “அமத்தினால் இரும்பு சூடேறி மயிர்க்கீறல் விழும் அண்ணை. பிறகு வயலுக்கை முறியும்.”

“உந்த வேகத்திலை அடுத்த போகமே வந்திடும்!”

தேய்த்து முடிந்ததும் றொஷான் ஷாஃப்டில் எதையோ பூசித் துணியால் துடைத்தான். திருநீற்றுப் பையைப் பிரித்து அதன்மேல் தூவினான். குனிந்து, கண்வெட்டாமல் பார்த்தான்.

நமசிவாயம் உருகிப்போனார். இந்தப் பிள்ளையையா ஏசினேன்! செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்கென்று மடியில் வைத்திருந்த கற்பூரத்தை எடுத்து நெருப்புக்குச்சியைத் தட்டினார்.

றொஷான் பாய்ந்து ஊதி அணைத்தான். “ஐயோ அண்ணை, துணி முழுக்க மண்ணெண்ணெய்! ஷாஃப்டிலை பூசித் துடைச்சனான். கீறல் இருந்தால் உள்ளை நிண்ட எண்ணெய் கசிஞ்சு நீறு நனையும். அதைத்தான் பாக்கிறன்.”

“அப்ப இது பூசை இல்லையோ?”

“நான் மெதடிஸ்ற் கிறிஸ்தவன் அண்ணை.”

நமசிவாயம் கற்பூரத்தைத் திரும்ப மடியில் முடிந்தார்.

“சரி, கீறல் கிடக்கோ?”

“ஒண்டும் இல்லை.”

“பாத்தீரே! திருநீறு பூசின இரும்பிலை கீறல் விழுமோ?” என்றவர், ஷாஃப்டிலிருந்து ஒரு கிள்ளு நீறு எடுத்து நெற்றியில் இழுத்துக்கொண்டார்.