ஏழு எருமைகளின் புல்

ஏரிக்கரையில் வளை தோண்டிக் குடியிருந்தது ஒரு நண்டு. ஒரு நாள் காலையில் அந்த வளை வழியாக ஏரித் தண்ணீர் வெளியே கசிய ஆரம்பித்தது.

கரை உடைந்தால் எருமைகள் ஓடி வந்து குறுக்கே படுத்துத் தண்ணீரை மறிக்கும். ஆனால் அந்த உடைப்புக்கு யார் காரணமோ, அவர்தான் படுத்த எருமைகளுக்கெல்லாம் பத்து நாள் புல் அறுத்துப் போட வேண்டும். அந்த ஏரியில் அப்படி ஒரு சட்டம்.

நண்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சேற்றை உருட்டி உருட்டி அடைத்தது. தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு போனது. கடைசியில் தானே வளைக்குள் இறங்கி அடைத்துக்கொண்டு நின்றது.

"என்ன அண்ணே, அங்கேயே நிக்கிறீங்க?" என்று கேட்டது வழியில் போன தவளை.

"சும்மாதான். குளுகுளுன்னு இருக்கு."

சாயங்காலம் கரை பொளபொளவென்று சரிந்தது. கீழே வயலில் காடைக் குஞ்சுகள் கதறின. அதைக் கேட்டதும் நண்டு அலறிக்கொண்டு ஓடியது. "என் வளைதான்! சீக்கிரம் வாங்க!"

ஏழு எருமைகள் படுத்த பிறகுதான் தண்ணீர் நின்றது. குஞ்சுகள் பிழைத்தன.

"காலையிலேயே சொல்லியிருந்தா நான் ஒருத்தியே போதுமேப்பா," என்றது பெரிய எருமை.

நண்டு ஏழு வயிறுகளையும் மாறி மாறிப் பார்த்தது.

"காலையில உங்க ஒரு வயிறே எனக்குப் பெருசாத் தெரிஞ்சுது அக்கா."