கழுதையின் போட்டோ

கொக்குக்குக் கேமரா என்றால் உயிர். அன்று காலை கழுதையைப் படம்பிடிக்க ஆற்றங்கரைக்கு வரவழைத்திருந்தது. இந்த முகத்துக்குக் கறுப்பு வெள்ளை பிலிம்தான் எடுப்பு என்றது கொக்கு. கலர்தான் என்றது அதன் சிநேகிதன் மீன்கொத்தி. வாதாடி ஓய்ந்த பிறகு படப்பிடிப்பு தொடங்கியது.

"வெளிச்சம் பக்கவாட்டுல விழட்டும்ப்பா. கண்ணுக்கு ஃபோகஸ் வை," என்று மீன்கொத்தி விடாமல் யோசனை சொன்னது. கழுதை காதைக்கூட அசைக்காமல் நின்றது.

பொழுது சாய்ந்ததும் கேமராவைத் திறந்த கொக்குக்குத் திக்கென்றது. காலையில் நடந்த வாக்குவாதத்தில் எந்த பிலிமையுமே போடவில்லை. மீன்கொத்தி மெல்ல நழுவியது.

"மன்னிச்சிடுங்கண்ணே, ஒரு படம்கூட விழலை," என்றது கொக்கு, தலையைக் குனிந்துகொண்டு.

கழுதை தயங்கித் தயங்கிக் கேட்டது.

"அப்ப நாளைக்கும் என்னை இவ்வளவு நேரம் பார்ப்பீங்களா தம்பி?"