பக்கவாட்டுக் கதவு

படம் முடிந்து வெளியே வருகிற பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள் அந்தம்மா. ஆண்கள் வந்தால் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். இன்றோடு ஆறு நாளாக இதே வேலை.

டிக்கெட் கிழிக்கிற டார்ச் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருட்டில் டார்ச் அடித்து இடம் காட்டுவதும் அவள்தான் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சொல்லி அவளைக் கூப்பிட இப்போது யாரும் இல்லை.

படம் ஒன்றும் பிரமாதமில்லை. இரண்டு பெண்கள் காதலிக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. இரண்டு அறை, ஒரு பஸ் ஸ்டாப், மொத்தப் படமும் அதற்குள் முடிந்துவிட்டது. பாவம், கையில் காசில்லாமல் எடுத்திருக்கிறார்கள்; இரண்டு பேர் வீட்டிலும் ஒரே பச்சைத் திரைச்சீலைதான் தொங்கியது. தினமும் மத்தியானம் ஒரே ஒரு காட்சி.

பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். என்னவோ இருக்கும் என்று வந்த கல்லூரி வாலிபர்கள், இரண்டு பேரும் உட்கார்ந்து துணி மடிப்பதைப் பார்க்கவா வந்தோம் என்று திட்டிக்கொண்டே போனார்கள். ஒரு கணவன் பாதியிலேயே மனைவியை எழுப்பிக் கூட்டிப் போனான். அவளோ திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ரிட்டையரான வாத்தியார் ஒருவர், விஷயம் சரிதான், வெளிச்சம்தான் போதவில்லை என்றார். தனியாக வந்த பெண்கள் மட்டும் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்த சுவடு தெரியாமல் போனார்கள்.

அவர்களை நினைத்துத்தான் டார்ச் அக்காவுக்கு மனசு அடித்துக்கொண்டது.

இரண்டாம் நாள் இடைவேளையில், டீ வாங்க வந்த சுருட்டைமுடிக்காரி ஒருத்தி அந்தம்மாவைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டாள். சட்டென்று டார்ச் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி, வெளியே போக வேறு வழி இருக்கிறதா என்று கேட்டாள். டார்ச் அக்கா எதற்கு ஏன் என்று கேட்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போகிற பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டாள்.

இது வேவு பார்க்கிற கேஸ்தான் என்று அன்றைக்கே அவள் முடிவு கட்டிவிட்டாள். யார் யார் இந்தப் படத்துக்கு வருகிறார்கள் என்று பார்த்து, வீட்டில் போட்டுக்கொடுக்கிற ஜென்மம். வயசுப் பெண்கள் தனியாக வருகிறார்களா என்று கவுண்ட்டரில் வேறு விசாரித்திருக்கிறாள்.

போட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்று டார்ச் அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால், அவளையும் தையல் கம்பெனித் தோழியையும் பற்றி யாரோ ஒரு புண்ணியவதி வீட்டில் வத்தி வைத்தாள். ஒரே வாரத்தில் தோழியை எங்கோ தூரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். டார்ச் அக்கா தனிக்கட்டையாகவே நின்றுவிட்டாள். வீட்டுக்குப் போனால் பேசுவதற்கு ரேடியோதான். அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

அதனால் தினமும் படம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் குனிந்து விஷயத்தைச் சொல்லி, பக்கவாட்டுக் கதவு வழியாக அனுப்பிவைத்தாள். சுருட்டைமுடிக்காரி அதற்குப் பிறகும் இரண்டு தடவை வந்தாள். வந்ததும் போனதும் அந்தக் கதவு வழியாகத்தான். முன்வாசலில் அந்தம்மா கால்கடுக்க நின்று ஏமாந்து போவதைப் பார்க்க டார்ச் அக்காவுக்கு உள்ளூரக் குஷி.

இன்றோடு படத்தைத் தூக்குகிறார்கள். கூட்டம் கலைந்து, பெருக்குகிற ஆளும் உள்ளே போய்விட்டார். அந்தம்மா மட்டும் நகரவில்லை. கேட்டைப் பாதி இழுத்த பிறகும் நின்றாள்.

அதற்கு மேல் டார்ச் அக்காவால் வாயைக் கட்ட முடியவில்லை.

"இங்க பாருங்க, நீங்க எதுக்கு நிக்கறீங்கன்னு எனக்குத் தெரியும். ஒருத்தியும் உங்க கண்ணுல சிக்கமாட்டா. எல்லாரையும் அந்தப் பக்கமா அனுப்பிட்டேன்."

அந்தம்மா புரியாமல் பார்த்தாள்.

"அன்னைக்கு ஒரு பொண்ணு உங்களைப் பார்த்ததும் வெலவெலத்துப் போயிடுச்சு. இன்னைக்கும் வந்துச்சு. அப்பவே சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. போய்ப் பிடிங்க பார்ப்போம்."

அந்தம்மாவின் முகம் வெளுத்தது. சுருட்டை முடியா என்று கேட்டாள். டார்ச் அக்கா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கழுத்தை நெரித்தாலும் அடையாளம் சொல்லக் கூடாது என்று இருந்தாள்.

அந்தம்மா மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. எந்தப் பக்கம் போனாள் என்றும் கேட்கவில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:

"என் பொண்ணு ரொம்ப இளைச்சுட்டாளா?"